சர்வேசுரன் நம்மைக் கைவிட்டாரோ?



நெடுநாள் நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும் அடிக்கடி ஒரு வார்த்தை கேட்கிறோம்: "எத்தனை ஜெபம் செய்தும் ஆண்டவர் கேட்கவில்லையே, எங்களைக் கைவிட்டுவிட்டாரே!" இப்படிச் சொல்லுகிறவர்களுக்குத் துன்பம் இரண்டு. ஒன்று, வந்த வேதனை. மற்றொன்று, இவ்விதம் நினைப்பதே பாவமோ என்னும் பயம்.

அந்தப் பயம் வேண்டாம். சேசுநாதர் சுவாமியைப் பாருங்கள். தாம் ஏன் கைவிடப்பட்டாரென்று அவர் சிலுவையிலிருந்து உரத்த சத்தமாய்க் கேட்டதை அர்ச். மத்தேயுவும் அர்ச். மாற்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். அது 22-ம் சங்கீதத்தின் ஆரம்பம். அழுகையில் தொடங்கும் அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது. பாவமே அறியாதவர் இப்படிக் கூவினாரென்றால், அந்த உணர்ச்சி தன்னிலே பாவமாகாது. அவர் தம் பிதாவிடமே முறையிட்டதையும் கவனியுங்கள். கேட்பவர் ஒருவர் உண்டென்று நம்புகிறவனே முறையிடுவான்.

அர்ச். குழந்தை தெரேசம்மாளையும் நினைத்துப்பாருங்கள். பிரான்சு தேசத்து லிசியே நகரில் கார்மேல் மடத்துக் கன்னியாஸ்திரியாக இருந்த அவள், 1896-ம் வருஷம் பெரிய வியாழன் இரவில் இரத்தம் கக்கினாள். க்ஷயரோகம்! சில நாட்களுக்குள், பாஸ்கு காலத்திலேயே, அவள் ஆத்துமத்தை இருள் மூடிக்கொண்டது. மோட்சமென்று ஒன்று உண்டோ என்கிற சோதனை அவளை வாட்டியது. 1897 செப்டம்பர் 30-ந் தேதி, 24 வயதில் மரிக்குமட்டும், ஏறக்குறைய 18 மாதம் அந்த இருள் நீங்கவில்லை. அவள் என்ன செய்தாள்? விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சோதனை வந்தபோதெல்லாம் சேசுவிடம் ஓடி விசுவாச முயற்சி செய்தாள். அவளைத் திருச்சபை 1925-ல் அர்ச்சிஷ்டவளாகவும், 1997-ல் வேதபாரகியாகவும் உயர்த்தியது.

காய்ச்சல்காரன் நாவுக்குக் கஞ்சி கசக்கும். கசந்தாலும் அது உடம்பில் ஒட்டாமற் போகாது. விசுவாசமும் அப்படியே. அதன் ருசி தெரியாத நாளிலும் அது ஆத்துமத்தைப் போஷிக்கிறது.

ஆகையால், துன்பப்படுகிறவர்களே, நீண்ட ஜெபம் சொல்ல முடியாவிட்டால் கலங்காதீர்கள். பாடுபட்ட சுரூபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "சேசுவே, என்னோடிரும்" என்று சொன்னாலும் போதும். அழுகை வந்தால் அவர்முன் அழுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "உனக்கு விசுவாசம் போதாது," "இது செய்த பாவத்துக்குத் தண்டனை" என்று நோயாளியிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் 7 நாள் வாய்திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது நல்லது. பிறகு வாய்திறந்து அவரைக் குற்றஞ்சாட்டினார்கள். முடிவில் சர்வேசுரன் கண்டித்தது யோபுவின் சிநேகிதரையே. நீங்கள் கட்டிலருகில் உட்கார்ந்து, அவருக்குப் பதிலாக ஜெபமாலை சொல்லுங்கள்.

ஜெபிக்கக் கூடாதவருக்காக ஜெபிப்பது மற்றவர்கள் கடமை. இன்றிரவு ஒவ்வொரு குடும்பமும், நம் பங்கில் இருளில் தவிக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லக்கடவது.