சமூகப்பணி படிக்கலாம், வாங்க!



"கல்யாணமாகி பத்து வருஷமாச்சு, இனி என்ன படிப்பு?" என்று குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்.

பி.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணியில் இளநிலைப் பட்டம். குறைந்தது 3 ஆண்டு. தனிநபர், குழு, சமுதாயம் என மூன்று நிலையிலும் பணி செய்யும் முறைகளைப் படிக்கிறோம். களப்பணி கட்டாயம். கூட்டம் நடத்தி, தீர்மானம் எழுதி, சண்டையைத் தீர்த்து வைக்கிற நமக்கு அது புதுசல்ல.

ஆனா ஒண்ணு கவனிங்க. பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கும் பட்டத்தை, 2009 அரசாணைப்படி தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. பணம் கட்டும் முன்னே விசாரியுங்கள். விட்டுப்போன பிளஸ் டூ தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலையை விடாமலே படிக்கலாம். வயது வரம்பு இல்லை.

அந்த அக்கா பிளஸ் டூ எழுத விண்ணப்பம் வாங்கிவிட்டார். அடுத்தது யார்?