சீருடைப் பணி: விளையாட்டுச் சலுகையும் நன்னடத்தையும் – முக்கியக் குறிப்புகள்

பாலக்காட்டின் எலப்புள்ளி, சித்தூர் பக்கம் காலையில் மைதானம், மாலையில் கோச்சிங் என்று ஓடுபவர்களுக்காக எழுதியது. சாரம் ஒன்றுதான். விளையாட்டு வீரருக்குச் சலுகை உயரத்தில் உண்டு, எடையில் உண்டு, மார்க்கில் உண்டு, நடத்தையில் கிடையாது.

● கடக்வாஸ்லா தேசிய பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) சேர விளையாட்டு ஒதுக்கீடு இல்லை. யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு 900 மார்க் (கணிதம் 300, பொதுத்திறன் 600), எஸ்.எஸ்.பி. நேர்காணல் 900. மாநில அணியில் ஆடியதை எஸ்.எஸ்.பி. படிவத்தில் எழுதலாம், அதைப் பற்றிக் கேட்பார்கள். ஆனால் அங்கே எடைபோடுவது அதிகாரிக்குரிய 15 பண்புகளை. பதக்கத்துக்கென்று தனி மார்க் இல்லை.

● கேரளத்தில் உள்ள ராணுவ அகாடமி: கண்ணூர் மாவட்டம் ஏழிமலையில் இந்தியக் கடற்படை அகாடமி. தொடங்கி வைக்கப்பட்ட நாள் 2009 ஜனவரி 8.

● ராணுவ ஆள்சேர்ப்பில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு உயரத்தில் 2 செ.மீ., மார்பளவில் 3 செ.மீ., எடையில் 5 கிலோ வரை தளர்வு உண்டு. தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவர்களை நேரடியாக ஹவில்தார், நாயிப் சுபேதார் நிலையிலும் எடுக்கிறார்கள். நீரஜ் சோப்ரா 2016-இல் நாயிப் சுபேதாராகச் சேர்ந்தது ராஜ்புதானா ரைபிள்ஸில்.

● குழப்பிக்கொள்ள வேண்டாம்: பிராந்திய ராணுவத்தில் தோனிக்கும் அபினவ் பிந்த்ராவுக்கும் 2011-இலும், நீரஜுக்கு 2025-இலும் கிடைத்த லெப்டினன்ட் கர்னல் பதவி கௌரவப் பதவி. சச்சினுக்கு 2010-இல் கிடைத்த குரூப் கேப்டன் விமானப்படையில். தியான் சந்த் கதை வேறு: 1922-இல் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1956-இல் மேஜராக ஓய்வுபெற்றார்.

● மத்திய அரசு குரூப் சி நேரடி நியமனத்தில் விளையாட்டு வீரர்களுக்கு 5 சதவீதம் வரை இடம்.

● கேரள போலீஸ் கான்ஸ்டபிள் உடற்திறன் தேர்வில் (ஆண்கள்) எட்டில் ஐந்து தேறினால் போதும்: 100 மீட்டர் ஓட்டம் 14 விநாடி, உயரம் தாண்டுதல் 132.20 செ.மீ., நீளம் தாண்டுதல் 457.20 செ.மீ., 7264 கிராம் குண்டு எறிதல் 609.60 செ.மீ., கிரிக்கெட் பந்து எறிதல் 6096 செ.மீ., கையால் மட்டும் கயிறு ஏறுதல் 365.80 செ.மீ., புல்-அப் 8 முறை, 1500 மீட்டர் ஓட்டம் 5 நிமிடம் 44 விநாடி. பறளி, முண்டூர் பள்ளிகளில் ஓடிப் பழகியவருக்கு இது பெரிய விஷயமில்லை. கயிறு மட்டும் தனிப் பயிற்சி கேட்கும்.

● இந்தத் தலைப்பில் தவறாமல் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு. கேரள ஆயுதப் போலீஸ் 4-ஆம் பட்டாலியன் (காசர்கோடு) கான்ஸ்டபிள் தேர்வு, 2018 ஜூலை 22. ரேங்க் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரி மாணவர். தேர்வில் 78.33, விளையாட்டு வெயிட்டேஜ் 13.58, மொத்தம் 91.91. கால் மார்க்குக்கு இடம் மாறும் பட்டியலில் 13.58 என்பது எவ்வளவு தூரம் என்று தேர்வெழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜூலை 12-இல் அந்தக் கல்லூரியில் சக மாணவர் ஒருவர் குத்தப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர்களில் முதலிடம் பிடித்தவரும் உண்டு; அதே பட்டியலில் இடம்பிடித்திருந்த இன்னும் இருவரும் குற்றம்சாட்டப்பட்டார்கள். முதலிடம் பிடித்தவர் வீட்டைச் சோதித்தபோது பல்கலைக்கழக விடைத்தாள்களும் உடற்கல்வி இயக்குநர் பெயரிலான முத்திரையும் சிக்கின. பிறகு கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) விஜிலன்ஸ் விசாரித்ததில், தேர்வு நடந்த நேரத்தில் செல்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகள் வெளிப்பட்டன. மூவரையும் பட்டியலிலிருந்து நீக்கிய பி.எஸ்.சி., இனி தேர்வெழுதவும் தடை விதித்தது. கத்திக்குத்து நடக்காமல் இருந்திருந்தால் அந்த முத்திரை யார் கண்ணிலாவது பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. விளையாட்டுச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டிய இடம் போலீஸ் சோதனை அல்ல.

● வெளிநாட்டு உதாரணம்: அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி, 1951. ஒரே வினாத்தாளை இரண்டு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாளில் கொடுப்பது அங்கே அப்போது வழக்கம். முதல் நாள் எழுதியவர்கள் அடுத்தவர்களுக்குக் கேள்விகளைச் சொன்னார்கள். சிக்கிய சுமார் 90 பேரில் பலர் கால்பந்து அணியினர்; பயிற்சியாளர் ரெட் பிளேக்கின் சொந்த மகனும் வெளியேற்றப்பட்டார். பயிற்சியாளரோ 1958 வரை பதவியில் இருந்தார்! 1965-இல் அமெரிக்க விமானப்படை அகாடமியிலும் இதே போன்ற விவகாரத்தில் 109 பேர் விலகினார்கள். அவர்களிலும் கால்பந்து வீரர்கள் இருந்தார்கள்.

● அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் (உச்ச நீதிமன்றம், 2016, மூன்று நீதிபதிகள் அமர்வு): நன்னடத்தைச் சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கை மறைத்தால் அதையே காரணமாக்கி நியமனத்தை ரத்து செய்யலாம். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கானால், மறைத்ததை மன்னிக்க வேலை தருபவருக்கு உரிமை உண்டு. உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

● அந்தப் படிவத்தில் கேட்பது தண்டனை பெற்றீர்களா என்று மட்டுமல்ல. கைதா, வழக்கா, அபராதமா, கல்லூரியிலிருந்து நீக்கமா, ஏதேனும் தேர்வாணையம் தடை விதித்ததா என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். விடுதலையான வழக்கையும் எழுத வேண்டும்.