பி.வி.சி. குழாயைச் சூடாக்குதல்

கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு நீர் கொண்டு செல்லும் பி.வி.சி. குழாய்களை இணைப்பதற்குக் கமக்காரர் சிலர் குழாயின் நுனியைத் தீயிற் காட்டி இளக்கி, மற்றைக் குழாயின்மேற் செருகுவதுண்டு. செலவு குறைந்த முறைதான். ஆயினும் இளகுதல் வேறு, சிதைதல் வேறு. சிதைவு குழாயையும் கெடுக்கும். அருகே நிற்பவரின் சுவாசப்பையையும் கெடுக்கும்.

பிளாத்திக்குப் பொருள்கள் சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை. மிதமான வெப்பத்தில் இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று வழுக்கி அசைகின்றன. ஆறியதும் மீண்டும் இறுகுகின்றன. இதுவே இளகுதலாம். பி.வி.சி. ஏறத்தாழ 80 பாகை சென்றிகிறேட்டில் இளகத் தொடங்கும். வெப்பம் மிகவும் கூடினாற் சங்கிலியே சிதையும். பொலித்தீன் உறை 110 பாகையளவில் உருகினாலும், காற்றுப்படாத இடத்தில் அது விரைவாகச் சிதைவதற்கு 400 பாகையளவு வேண்டும். பி.வி.சி. அவ்வளவு தாங்காது. அதன் நிறையில் நூற்றுக்கு 57 பங்கு குளோரீனாகும். இக்குளோரீன் ஐதரசனுடன் கூடி, ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியேறுகின்றது. 100 பாகைக்கு மேல் மெதுவாகத் தொடங்கும் இச்செயல் 200 பாகையளவில் மிக விரைவுறும். வெளியேறும் வாயுவே மேலும் சிதைவைத் தூண்டுவது இதிலுள்ள பெருங்கேடு.

வேகத்தைப் பற்றியும் அறிதல் வேண்டும். 180 பாகையளவில், வெப்பநிலை 10 பாகை கூடினாற் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். 40 பாகை கூடினாற் பத்து மடங்குக்கு மேலாகும். ஓலைத் தீயின் சுவாலையோ பல நூறு பாகை வெப்பமுடையது. ஆதலால் உட்புறம் இளகுமுன்னரே வெளிப்புறம் கருகிவிடுகின்றது. முதலில் மஞ்சள், பின் கபிலம், இறுதியிற் கறுப்பு என நிறம் மாறும். மூக்கை அரிக்கும் காரநெடி எழுமாயின் வாயு வெளியேறுகின்றதென்று அறிக. அது ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அருகிலுள்ள இரும்பையும் அரிக்கும்.

குழாய் செய்யும்போது சிதைவைத் தடுக்கும் பொருள்கள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் இவை சிறிது சிறிதாகச் செலவாகிவிடும். ஆகவே ஒரே நுனியைத் திரும்பத் திரும்பச் சூடாக்குதல் கூடாது. நிறம் மாறிய பகுதியை வெட்டி அகற்றுதல் வேண்டும்.

சிறிய குழாயைச் சற்று வளைப்பதற்குக் கொதிநீர் போதுமானது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகைக்கு மேல் ஏறாதாகையால் கருகுமென்ற அச்சமில்லை. நீரிறைக்கும் இயந்திரத்தின் அமுக்கம் தாங்கவேண்டிய இடங்களிலோ, கடையில் விற்கும் பொருத்தியையும் பசையையுமே பயன்படுத்துக. இளக்கி விரித்த நுனியின் சுவர் மெலிந்துவிடுவதால் வெடிப்பு அங்கேதான் தோன்றும்.

துண்டுக் குழாய்களைச் சருகுடன் சேர்த்து எரிப்பது எவ்வகையிலும் தகாது. அமில வாயுவோடு, டயொக்சின் எனப்படும் கொடிய நஞ்சுகளும் அப்புகையில் உண்டாகும். பழைய மின்கம்பியை எரித்துச் செம்பெடுப்போர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். செம்பு அந்நஞ்சுகள் உண்டாவதற்குத் துணைபுரிகின்றது. கம்பியின் உறையைக் கத்தியாற் சீவி எடுக்கலாம்; நேரம் சற்றுக் கூடும், அவ்வளவே.