மலப் பரிசோதனை – கூச்சம் எதற்கு?

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டுகிறோம். மலப் பரிசோதனை என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம். குடலுக்குள் நடப்பதை அதிகச் செலவில்லாமல் காட்டுவது அதுதான்.

கொக்கிப்புழுவையே எடுத்துக்கொள்வோம். வெறுங்காலில் நடக்கும்போது மண்ணிலிருந்து தோல் வழியாக நுழைந்து, சிறுகுடலில் ஒட்டி ரத்தம் குடிக்கிறது. வயிற்று வலியே இல்லாமல் ரத்தசோகை வரலாம். களைத்துக் கிடப்பவனை வீட்டில் 'சோம்பேறி' என்று திட்டுவார்கள்!

இந்தப் புழுவின் முட்டைகளை எண்ணும் முறைக்குக் காட்டோ-காட்ஸ் என்று பெயர். ஜப்பானில் 1954-ல் தோன்றி, பிரேசிலில் 1972-ல் செம்மையானது. அளவுத் துளையில் 41.7 மில்லிகிராம் மலத்தை நிரப்பி, மைக்ராஸ்கோப்பில் முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால், ஒரு கிராமுக்கான கணக்கு வந்துவிடும். 50 முட்டை என்றால் 1,200. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இது லேசான தொற்று. 4,000-ஐ எட்டினால் கடுமையானது.

கவனிக்க வேண்டியவை:

1. சுத்தமான, உலர்ந்த டப்பாவில் கொஞ்சம் எடுத்தால் போதும்.

2. சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது.

3. தாமதிக்காமல் லேபில் கொடுத்துவிட வேண்டும்.

4. ஒரு தடவை முட்டை தென்படவில்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. டாக்டர் சொன்னால் வேறு வேறு நாட்களில் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

புழு இருப்பது தெரிந்துவிட்டால் மாத்திரையிலேயே தீரும். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆகவே வெட்கத்தை விடுவோம், டப்பாவை எடுப்போம்!