கண்ணாடித் தொட்டியில் மாணவர் சேர்க்கை

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்குக் கொடுத்தது. பவளப்பாறையில் வாழும் மீன்களை அதில் வளர்க்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆசை. பள்ளி இருப்பது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் வலையும் வள்ளமும் உண்டு. கடல் மீனைக் குழம்பில் பார்த்த அளவுக்கு உயிரோடு நின்று பார்த்ததில்லை என்று ஒரு மாணவன் சொன்னான். அது போதுமே, தொடங்கிவிட்டேன்.

முதல் முயற்சியில் ஒன்பதே நாளில் நான்கு மீன்கள் செத்துப்போயின. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது.

வீட்டில் பத்தாண்டுகளாகக் கப்பி, மோலி வளர்த்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தத் துணிச்சலில் கடல்நீரை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மூன்றாம் நாளே மீன் வாங்கப் போனேன். "இது லேசுல சாகாது சார், இதை விட்டுத் தொட்டியைப் பழக்குங்க" என்று கடைக்காரர் மூன்று நீல டாம்சல் மீன்களைக் கொடுத்தார். ஐந்தாம் நாள், பிள்ளைகள் ஆசைப்பட்ட கோமாளி மீன் இரண்டும், மஞ்சள் நிறம் பிடித்துப்போனதால் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றும் வந்தன. ஒன்பதாம் நாள் மிஞ்சியவை இரண்டு டாம்சல்கள் மட்டும்.

உணவு போடும் பொறுப்பில் இருந்த மாணவி என்னிடம் வந்து, "நான் சாப்பாடு கூடப் போட்டுட்டேனா சார்?" என்று கேட்டாள். அடுத்த நாளிலிருந்து அவள் ஆய்வகத்துப் பக்கமே வரவில்லை. தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. அதை அவளிடம் மட்டும் தனியாகச் சொன்னால் போதாது என்று தோன்றியது. மறுநாள் வகுப்பின் முன் நின்று, எங்கே தவறினேன் என்று கரும்பலகையில் எழுதினேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. புதுத்தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நைட்ரஜன் சுழற்சியை எத்தனையோ ஆண்டுகள் படம் போட்டு நடத்தியவன், அதே சுழற்சிக்கு மூன்று நாள் கூடக் கொடுக்கவில்லை. மேலும் கடல்நீரின் காரத்தன்மை எட்டுக்கு மேல். அந்த நிலையில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிட அதிகமாகிறது. என் கப்பி அனுபவம் இங்கே என்னை ஏமாற்றிவிட்டது.

இரண்டாவது தவறு, மீன்களின் தேர்வு. டாம்சல் தான் குடியேறிய இடத்தைத் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வருகிறவரை விரட்டும். பின்னால் வந்த கோமாளிகள் மூலையில் ஒடுங்கின, ஒன்றின் துடுப்பு கிழிந்திருந்தது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் பவளத்தின் உடலைக் கொத்தித் தின்றே வாழ்பவை. எங்கள் தொட்டியில் பவளமே இல்லை. அது உணவைத் தொடாமலே செத்தது.

மிஞ்சிய இரண்டு டாம்சல்களைப் பிடிக்கக் கற்களையெல்லாம் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்தோம். "டி.சி. கொடுத்து அனுப்பிட்டீங்களா சார்?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தக் கேலியிலிருந்துதான் அடுத்த செயல்பாடு கிடைத்தது.

தொட்டியில் மீன் இல்லை. சந்தையில் வாங்கிய இறால் துண்டு ஒன்றை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டோம். வாரம் இருமுறை சோதனைக் கரைசலில் நிறம் பார்த்து, வரைபடத்தாளில் புள்ளி வைத்தார்கள். அம்மோனியாக் கோடு ஏறி இறங்கியது. அது இறங்கும்போது நைட்ரைட் ஏறியது. "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்கு சார் கரண்ட்?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது, பதில் சொன்னது நானல்ல, வரைபடத்தோடு ஓடிவந்த ஒரு மாணவன். இரண்டு கோடுகளும் பூச்சியத்தைத் தொட முப்பத்தொன்பது நாள் ஆயிற்று.

அந்த முப்பத்தொன்பது நாளில்தான் மாணவர் சேர்க்கை நடந்தது. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த மீனுக்காகச் சேர்க்கை விண்ணப்பம் எழுத வேண்டும். முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம், என்ன தின்னும், தொட்டியின் எந்தப் பகுதியில் வாழும், யாரோடு ஒத்துப்போகாது ஆகிய விவரங்களை நிரப்ப வேண்டும். ஐந்து பேர் கொண்ட சேர்க்கைக் குழு கேள்வி கேட்கும். எனக்கு ஓட்டு கிடையாது.

முதலில் வந்தது, எதிர்பார்த்தபடியே, திரைப்படத்தில் பார்த்த டோரி. கடையில் விற்பது ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், முழுதாக வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும். "ஆறு மடங்குதானே" என்றது விண்ணப்பித்த குழு. நீளம் ஆறு மடங்கானால் கனஅளவு 6×6×6, அதாவது 216 மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது வகுப்பு அமைதியானது. எங்கள் தொட்டி 120×45×45 செ.மீ., அதாவது 243 லிட்டர். மணலும் கல்லும் போக நீர் 200 லிட்டர் தேறும். ஒரு லிட்டருக்கு இத்தனை செ.மீ. மீன் என்ற சூத்திரம் ஏன் நம்பத்தக்கதல்ல என்பதை இந்தக் கணக்கைப் போல வேறெதுவும் புரியவைத்ததில்லை. டோரி நிராகரிக்கப்பட்டது.

அடுத்து களவாக் குஞ்சு. அதற்கு எதிராகப் பேசியவன், வகுப்பில் வாய் திறக்காத ஒரு மீனவர் வீட்டுப் பையன். "களவா வாய்க்குள்ள எது போகுமோ, அதெல்லாம் அதுக்கு இரைதான் சார்." அவனே கிளாத்திக்கும் தடை சொன்னான். நண்டையும் சிப்பியையும் நொறுக்கும் பல் அதற்கு என்று அப்பா வலையிலிருந்து எடுக்கும்போது காட்டியிருக்கிறாராம். அன்று அவன் பேசிய அளவு, அந்தப் பருவம் முழுவதும் பேசியதைவிட அதிகம். புத்தகத்தில் நான் தேடிப் படித்ததை அவன் வீட்டு வாசலில் படித்திருக்கிறான்.

கோமாளி மீனோடு கடல் சாமந்தியும் வேண்டும் என்று ஒரு குழு கேட்டது. சாமந்திக்கு நல்ல வெளிச்சமும் பல மாதங்கள் நிலைத்த நீரும் வேண்டும். பிற மீன்களைக் கொட்டிப் பிடித்தும் தின்னும். சாமந்தி இல்லாமலும் கோமாளி மீன் தொட்டியில் நன்றாக வாழும். "ஒரு வருடம் கழித்து விண்ணப்பிக்கவும்" என்று எழுதித் திருப்பினார்கள். கடல் குதிரைக்கும் உயிருள்ள பவளத்துக்கும் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவை பாதுகாக்கப்பட்டவை. நம் ஊருக்கு எதிரே மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. ஆகவே எங்கள் பாறைகள் சுட்ட மண்ணால் ஆனவை, அருகிலுள்ள குயவரிடம் துளைகள் போட்டுச் செய்து வாங்கியவை.

இறுதியில் சேர்க்கை பெற்றவை மூன்று வகை: மணலில் குழி பறித்து வாழும் சிறிய உளுவை ஒன்று, பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் இரண்டு, துப்புரவு இறால் ஒன்று. அடி மணல், நடு நீர், பாறையிடுக்கு என்று ஆளுக்கொரு இடம். கோமாளிகள் ஏன் இரண்டு, ஏன் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்க வேண்டும் என்பதற்கே ஒரு பாடவேளை போயிற்று. அவை எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்குகின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகிறது. சிறியது ஒன்றும் பெரியது ஒன்றுமாக விட்டால் அந்தப் போட்டிக்கு இடம் குறைவு. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் அது அடி வாங்கும் வாய்ப்பு அதிகம். இவ்வகை மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறைகளில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. கடலில் பிடித்ததைவிடப் பொரிப்பகத்து மீன் தீவனத்துக்கும் தொட்டிக்கும் எளிதில் பழகும்.

வரிசையும் முக்கியம். கூச்சமுள்ளது முதலில், துணிச்சல்காரர் கடைசியில். உளுவையை முன்னதாக விட்டோம். கோமாளிகளைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்து, வெண்புள்ளி நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகே சேர்த்தோம். அந்த நோய்க்குப் போடும் தாமிர மருந்து மீனைக் காக்கும், ஆனால் இறாலைக் கொன்றுவிடும். அதனால் மருந்து கொடுப்பதானால் தனித் தொட்டியில்தான்.

உளுவை மூன்று நாள் வெளியே வரவில்லை. அதற்கென்று ஒரு வருகைப் பதிவேடு வைத்து, மூன்று நாளும் "வரவில்லை" என்று குறித்தவள் அந்த மாணவிதான். சேர்க்கைக் குழு தொடங்கிய வாரத்திலேயே, யாரும் அழைக்காமல், ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். நான்காம் நாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே ஓடிவந்து, "சார், தலையை வெளியே நீட்டிருச்சு" என்றாள்.

இப்போது அவள்தான் சேர்க்கைக் குழுத் தலைவி. விண்ணப்பத்தில் "எங்கிருந்து வருகிறது, யார் பிடித்தார்கள்" என்று ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். சென்ற மாதம் ஆசைப்பட்டு ஃபயர்ஃபிஷ் ஒன்றுக்கு நானும் விண்ணப்பித்தேன். சாதுவான மீன், அளவும் சிறியது, தடை வராது என்று நினைத்தேன். சிவப்பு மையில் திரும்பி வந்தது: "பயந்தால் தொட்டியை விட்டுக் குதிக்கும். நம் தொட்டிக்கு மூடி இல்லை. மூடி செய்த பிறகு வரவும்." நேற்று மாலை நானும் அவளும் கொசுவலைக்கு அளவெடுத்தோம்.