இணைய நெரிசலும் வழிவிடும் கணினிகளும்

கணினித் துறையில் பயின்றவன் என்பதால், இளைய மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரே நேரத்தில் பலர் நுழைந்தால் இணையப் பக்கம் ஏன் நின்றுபோகிறது? இன்னும் வேகமான இணைப்பை வாங்கிவிட்டால் போதாதா?" போதாது என்பதே என் விடை. அதற்கான காரணத்தை 1986-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். நாம் அனுப்பும் தரவு சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்தே பயணம் செய்கிறது. வழியிலுள்ள ரூட்டர்கள் அவற்றை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அடுத்த இணைப்புக்கு அனுப்புகின்றன. வரிசைக்கான நினைவகம் நிரம்பிவிட்டால், புதிதாக வரும் பொட்டலம் கைவிடப்படும். பொட்டலம் கிடைத்ததற்கான ஒப்புகை உரிய நேரத்தில் வராவிட்டால், அனுப்பிய கணினி அதையே மீண்டும் அனுப்பும்.

சாதாரண நாளில் இது நல்ல ஏற்பாடு. நெரிசல் நேரத்திலோ இதுவே வினையாகிறது. வரிசை நீள்வதால் ஒப்புகை தாமதமாகிறது. பொட்டலம் தொலைந்துவிட்டது என்று எண்ணி ஒவ்வொரு கணினியும் மீண்டும் அனுப்புகிறது. வரிசை மேலும் நீள்கிறது. முடிவில் இணைப்பு நிரம்பி வழிந்தாலும், அதில் செல்பவற்றுள் பெரும்பகுதி முன்பே அனுப்பியவற்றின் நகல்களாகவே இருக்கும். இதனை 'நெரிசல் வீழ்ச்சி' எனலாம்.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் இதுதான் நிகழ்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 400 கஜம்தான். அவற்றிடையே விநாடிக்கு 32,000 பிட் அளவில் சென்ற தரவு, வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அதாவது 800-இல் ஒரு பங்கு!

இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் அனுப்பும் கணினிகளின் போக்கையே மாற்றினர். 1988-இல் வெளியான அவர்களது தீர்வின் சாரம் மூன்று விதிகளில் அடங்கும்:

1. எடுத்த எடுப்பில் கொட்டாதே. ஒரு பொட்டலத்தில் தொடங்கி, ஒப்புகை வர வர 2, 4, 8 எனக் கூட்டு.
2. பொட்டலம் தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொள். அனுப்பும் அளவைப் பாதியாக்கு; பின்னர் சிறிது சிறிதாகவே உயர்த்து.
3. மீண்டும் தோற்றால், காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு.

இங்கே போக்குவரத்துக் காவலர் எவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கணினியும் தானே உணர்ந்து வழிவிடுகிறது. புதிய முறைகள் பல வந்துவிட்டபோதிலும், இந்த அடிப்படை இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. இக்கட்டுப்பாடு ஓர் இணைப்புக்குள் மட்டுமே செயல்படும். புதிய இணைப்புகள் வெள்ளமாக வந்தால் அதனால் தடுக்க இயலாது. 2001 செப்டம்பர் 11 அன்று செய்தித் தளங்கள் திணறியபோது, சிஎன்என் தன் முகப்புப் பக்கத்தை மிகச் சிறியதாக்கியது. ஒவ்வொருவருக்கும் ஆகும் வேலையைக் குறைத்தால், அதே கணினிகளைக் கொண்டு இன்னும் பலருக்குப் பதிலளிக்கலாம். பக்கங்களின் நகல்களைப் பல ஊர்களில் வைத்து வழங்குவதும், மிகுதியாக வருவோரை வாசலிலேயே வரிசையில் நிறுத்துவதும் இன்று வழக்கிலுள்ள பிற வழிகள்.

பாடப்பதிவு நாளில் பக்கம் திறக்காதபோது நாம் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துகிறோம் அல்லவா? நம் முந்தைய கோரிக்கை வழங்கியில் இன்னும் காத்திருக்கக்கூடும். அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் இன்னொரு நகலைச் சேர்க்கிறோம். 1986-இல் கணினிகள் செய்ததும் இதுவே.

ஆகவே, நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'தோல்வியுற்றால் உடனே மீண்டும் முயல்க' என்ற வரியை எழுதுமுன், ஆயிரம் கணினிகள் அதே விநாடியில் அதனைச் செயல்படுத்தினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வராதபடி, அந்நேரத்தைக் கணினிக்குக் கணினி சற்றே மாற்றியும் வையுங்கள்.