கண்விழிப்புக்கும் ஓர் எல்லை

அன்புள்ள இளங்கோவுக்கு,

ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் நுழையப்போகிறாய். 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்த்ததைப் பெருமையாகச் சொல்லும் சீனியர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களுடைய உழைப்பை மதி. அந்தப் பெருமையை மட்டும் வாங்கிக்கொள்ளாதே. தூக்கம் மன உறுதிக்குக் கட்டுப்பட்டதல்ல. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதை 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது.

1984 மார்ச்சில் நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட லிப்பி சயான் என்ற 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனாள். மனச்சோர்வுக்காக அவள் சாப்பிட்டுவந்த மாத்திரையோடு சேரக்கூடாத பெத்திடின் என்ற மருந்து அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவளைக் கவனித்த பயிற்சி மருத்துவரின் பொறுப்பில் அன்றிரவு ஏறத்தாழ 40 நோயாளிகள். விசாரித்த நடுவர் குழு மருத்துவர்கள்மேல் குற்றவழக்குக்குப் பரிந்துரைக்கவில்லை. ஓய்வு தராத வேலைமுறையைக் கண்டித்தது. 1989-இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று வரம்பு கட்டியது. பிறகு, 2004-இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வு தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட டியூட்டி, நேரம் குறைத்த டியூட்டி என்ற இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. நீண்ட டியூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்களிடம் கடுமையான பிழைகள் 36 சதவீதம் கூடுதலாக இருந்தன.

டியூட்டி நேரத்தைக் குறைத்தால், ஆள் மாற மாறத் தகவல் சிதறும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதற்கு மருந்து, நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையைத் திருத்துவது. 2014-இல் ஒன்பது மருத்துவமனைகளில் ஒப்படைப்பை ஒழுங்குபடுத்தியபோது பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. டியூட்டி நேரத்தைத் தளர்த்தியும் மரணங்கள் கூடவில்லை என்று 2016, 2019 ஆய்வுகளையும் காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் அவற்றில் நேரம் தளர்த்தப்பட்டவர்கள், தளர்த்தப்படாதவர்கள் என இரு தரப்பாருக்குமே வாரம் 80 மணி வரம்பு இருந்தது. வரம்பே இல்லாத வார்டுக்கு அவற்றை ஆதாரமாக்க முடியாது. நம் மத்திய அரசின் 1992 உத்தரவு நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்றே சொல்கிறது. ஆளில்லை என்பது மெய்யானால் புதிய பணியிடம் கேட்க வேண்டியது நிர்வாகம்; அந்தக் குறையை உன் தூக்கத்தால் அடைப்பது நோயாளியின் உயிரைப் பணயம் வைப்பது. அதனால் நீ பார்த்த மணிக்கணக்கை உள்ளபடியே பதிவேட்டில் எழுது. விடியற்காலையில் மருந்தின் அளவை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கூச்சப்படாதே. போகும்முன், யார் நிலை மோசமாகலாம், மோசமானால் என்ன செய்வது என்பதை அடுத்து வருபவரிடம் வாயால் சொல்லி, எழுதியும் கொடு.

அன்புடன்,
உன் மாமா